வெள்ளையை விழுங்கிய புரோகிராம்

எங்கள் தெருவுக்கு முதன்முதலாக ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்து இறக்கியவன் றஸாக். எண்பத்தெட்டாம் ஆண்டு. சவூதியிலிருந்து வருகிறவன் டேப்ரெக்கோடர் கொண்டுவருவான், கம்பளிப் போர்வை கொண்டுவருவான், அத்தர் கொண்டுவருவான், அதுதான் மரியாதை. இவன் வான் பிடித்து, ஆட்களைச் சுமக்கவைத்து, பெட்டி பெட்டியாக இறக்கினான். பெரிய டீவி என்று நினைத்துத் தெருவே கூடி நின்றது. திரையில் பச்சை எழுத்தைத் தவிர வேறொன்றும் வராது என்று தெரிந்ததும் அத்தனை பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் போகவில்லை. எங்கள் வளவுக்கும் அவனுடைய மாமியார் வளவுக்கும் நடுவில் இருப்பது ஒரு கிடுகு வேலிதான். நான் போனாலும் என் காது போகாது.

றஸாக் சாய்ந்தமருதுக்காரன். எங்கள் மருதமுனையில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். வந்த கையோடு சவூதிக்குப் போய்விட்டான். அங்கே தம்மாமில் ஒரு படம் வரைகிற ஒஃபீஸ். கட்டடத்தின் படத்தைக் கொம்பியூட்டரில் வரைவார்கள். அந்தக் கொம்பியூட்டருக்குப் புதிய வேலை பழக்க லிஸ்ப் என்று ஒரு மொழி இருந்தது. றஸாக் அதைப் படித்துக்கொண்டான். படித்தவன் சும்மா இருந்தானா? ஊருக்கு வந்து, கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் அதைப் பற்றியே கதைத்தான். முடி வெட்டப் போன இடத்தில் சலூன்காரனுக்கு லிஸ்ப் விளக்கம் கொடுத்து, அரைத் தலையோடு எழுப்பிவிடப்பட்டான் என்று ஒரு கதை உண்டு. நான் அதை நம்புகிறேன்.

அந்த மொழியில் எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். அடைப்புக்குள் அடைப்பு, அதற்குள் இன்னொன்று. மாமியார் சபியா உம்மா ஒருநாள் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “என்ன மருமகன், இத்தனை பிறை? எந்த மாசத்துப் பிறை இது?” என்று கேட்டார். அவர் கேலி செய்தாரா, உண்மையாகவே கேட்டாரா என்று யாருக்கும் பிடிபடவில்லை. சபியா உம்மாவின் விஷயத்தில் எப்போதும் அப்படித்தான்.

சபியா உம்மா பின்வளவில் தறிக்கொட்டில் வைத்து நெசவு நடத்துகிறவர். புருஷன் மவுத்தான பிறகு தனியாளாக நின்று தறிகளைப் பெருக்கியவர். குரல் கடற்கரை வரை கேட்கும். ஆனால் மருமகனோடு கதைக்கும்போது மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குரலைத் தணித்து, ‘நீங்க, வாங்க’ என்றுதான் கதைப்பார். எங்கள் ஊரில் மருமகன் என்றால் அப்படி. கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் மரியாதையோடுதான் அறுப்பார்கள்.

அறுத்தது ஒருநாள் மதியம், ளுஹர் தொழுகைக்குப் பிறகு.

“மருமகன், கோவிக்காதீங்க. வீட்டில இரிக்கிற மாப்பிள்ளை என்ன செய்யிறாரெண்டு நாலு பேர் கேக்கிறாங்க. நான் என்னெண்டு சொல்லுற? பெட்டிக்கு முன்னால இரிந்து தட்டுறாரெண்டா?”

“மாமி, அது ஒரு படிப்பு...”

“ஓம், படிப்புத்தான். அந்தப் படிப்பு நம்மட தறிக்கு ஒரு வேலையாவது செஞ்சு காட்டட்டும். செஞ்சா நீங்களும் இரிங்க, அதுவும் இரிக்கட்டும். இல்லாட்டிப் பெட்டிய வித்துப்போட்டுத் திரும்பச் சவூதிக்கே போங்க. கல்முனை ஏஜென்டுக்கிட்ட நான் கதைச்சிட்டன்.”

றஸாக்குக்குப் போக விருப்பமில்லை. அவனுடைய பெண்சாதி ஸுல்பிகாவுக்கு அவனை அனுப்ப அதைவிட விருப்பமில்லை. அவள் ஏ.எல். படித்தவள். அந்தக் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, லிஸ்ப்பையும் பாதி படித்து வைத்திருந்தாள். உம்மாவின் பேச்சைக் கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். சட்டியைக் கழுவினாள். சட்டி பட்ட பாடு எனக்குக் கேட்டது.

அந்த நேரம் பார்த்துத் தறிக்கு ஒரு ஓடர் வந்தது. ஒரு பாடசாலை விழாவுக்கு ஆசிரியைமார் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சேலை. வெள்ளை உடல், இரண்டு பக்கமும் பச்சைக் கரை, ஒவ்வொரு கரைக்கு நடுவிலும் மெல்லிய ஒரு வெள்ளைக் கோடு. இதில் எவ்வளவு நூலைப் பச்சைச் சாயத்தில் போடுவது, எவ்வளவை வெள்ளையாக விடுவது என்று கொம்பியூட்டர் சொல்லும் என்றான் றஸாக்.

சேலையின் அகலத்தை அவன் ஒரு நீண்ட எழுத்து வரிசையாக மாற்றினான். பச்சை இழைக்கு ஜி, வெள்ளை இழைக்கு டபிள்யூ. இனி அந்த வரிசையில் கரை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அவனிடம் ஒரு மந்திரம் இருந்தது. ஒஃபீஸில் கூட வேலைசெய்த ஒரு பிலிப்பைன்ஸ்காரன் எழுதிக் கொடுத்தது. பெயர் ரெகுலர் எக்ஸ்பிரஷன். புள்ளி, நட்சத்திரம், தொப்பி மாதிரி ஒரு குறி என்று கண்டதையும் சேர்த்து ஒரு வடிவத்தை எழுதிக் கொடுத்தால், அந்த வடிவம் எழுத்து வரிசையில் எங்கே இருக்கிறது என்று அது தேடித் தரும். தம்மாமில் இவனையும் அந்தப் பிலிப்பைன்ஸ்காரனையும் தவிர வேறு யாருக்கும் அது விளங்காது. அதனால்தான் றஸாக்குக்கு அதன்மேல் உயிர்.

கரை பச்சையில் தொடங்கும், நடுவில் எதுவும் வரலாம், பச்சையில் முடியும். அப்படித்தான் வடிவத்தை எழுதினான். கரைக்கு நடுவில் வெள்ளைக் கோடு இருக்கிறதே, அதனால்தான் அந்த ‘எதுவும்’. மெஷின் ஆமை வேகம் என்பதால், சோதிக்கும்போது சேலையின் ஒரு பக்கத்தை மட்டும் அடித்துப் பார்த்தான். ஒரு கரைச் சேலை. கரையை அச்சொட்டாகப் பிடித்தது. றஸாக் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, முழுச் சேலையையும் போட்டு, கடதாசியை அடித்து மாமியின் கையில் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போனான்.

சாயத் தொட்டிக்குப் பொறுப்பு குணம். பாண்டிருப்பிலிருந்து வருகிறவன். கடதாசியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“உம்மா, இதென்ன? முழு நூலையும் பச்சையில போடச் சொல்லுது?”

சபியா உம்மாவுக்கும் அது பிழை என்று அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. பிறகு அவரே சொன்னார். வேறு யாருடைய கணக்காக இருந்தாலும் கிழித்துத் தொட்டிக்குள்ளேயே போட்டிருப்பார். ஆனால் இது மருமகன் தந்த கடதாசி. கேட்கிறவன் வெளி ஆள், கூலிக்கு வேலை செய்கிறவன். அவனுக்கு முன்னால் மருமகனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வதா? சவூதிக்கு அடித்துத் துரத்தலாம், அது வீட்டுக்குள் விஷயம். வேலையாளுக்கு முன்னால் மாப்பிள்ளையின் மதிப்பைக் கெடுப்பது வேறு விஷயம்.

“மருமகன் பார்த்துத்தானே தந்திரிக்கிறார். போடு,” என்றார்.

குணம் போட்டான்.

ஜும்மா முடிந்து றஸாக் வந்தபோது வளவெல்லாம் பச்சை. கொடியில் பச்சை, வேலியில் பச்சை, மாமரத்துக் கொப்பில் பச்சை. அது தேர்தல் காலம் வேறு, பச்சை ஒரு கட்சியின் நிறம். தெருவில் போன ஒரு ஆள் சைக்கிளை நிறுத்தி, கூட்டம் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். றஸாக் படலையடியில் தொப்பியைக் கையில் எடுத்தபடி நின்றான். நானும் வேலி மட்டையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பை அடக்க முடியாமல் துவாயை வாயில் வைத்துக் கடித்தேன்.

“வாங்க மருமகன். நூல் நல்லாக் காயுது,” என்றார் சபியா உம்மா. குணம் அங்கேதான் நின்றான். குணத்தின் சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்தார். அதன் பிறகு வீட்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்துக்கு எங்கள் கோழிகள் கூரையேறின.

நடந்தது இதுதான். அந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒரு பேராசை பிடித்த சாமான். ‘எதுவும் வரலாம்’ என்று சொல்லிவிட்டால், எவ்வளவு தூரம் விழுங்க முடியுமோ அவ்வளவையும் விழுங்கித்தான் நிற்கும். இடப்பக்கக் கரையின் முதல் பச்சையில் வாயைத் திறந்து, வலப்பக்கக் கரையின் கடைசிப் பச்சையில் மூடியிருக்கிறது. நடுவில் கிடந்த வெள்ளைச் சேலை முழுவதும் கரையாகி, பச்சைக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஓடர் இன்னும் கையில்தான் இருந்தது. சபியா உம்மா வேறு வெள்ளை நூல் எடுப்பித்தார். பச்சை நூலைச் சாரன் நெய்கிற ஒருவரின் தலையில் கட்டினார். அதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. மருமகனுக்கு இன்னொரு தவணையும் கொடுத்தார். “இதோட சரி. ஏஜென்ட் திங்கக்கிழமை பாஸ்போட் எடுக்க வாறான்.”

றஸாக் திருத்த உட்கார்ந்தான். அவன் திருத்தின விதம் என்னவென்றால், நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி, அதற்கு முன்னால் ஒரு தொப்பி, அந்தத் தொப்பியை மூட இரண்டு அடைப்பு. ஒரு ஓட்டையை அடைக்க நாலு ஓட்டை போட்டான். இந்தமுறை மெஷின் பிழையாகக்கூடச் சொல்லவில்லை. திரை அப்படியே உறைந்து நின்றது. பிறகு கரண்ட் போனது. வந்ததும் மறுபடி உறைந்தது.

“இஞ்சருங்க,” என்றாள் ஸுல்பிகா. “கரை எவ்வளவு அகலமெண்டு ஓடரிலயே இரிக்கி. இடப்பக்கம் அவ்வளவு, வலப்பக்கம் அவ்வளவு. வரிசையில இரிந்து ஒரு துண்ட வெட்டி எடுக்கிறதுக்கு லிஸ்ப்பில ஒரு சொல்லு இரிக்கெண்டு நீங்கதானே சொல்லித் தந்த? மறுகா என்னத்துக்கு இந்தத் தேடல்?”

“அது சின்னப்புள்ள வேல, ஸுல்பிகா. ஒஃபீஸில ஆரும் பார்த்தாச் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். அவனுக்கு முன்னாலயா நான் குடும்பம் நடத்துற?”

றஸாக் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டான். பிறகு அழிக்கத் தொடங்கினான். தொப்பி போனது, நட்சத்திரம் போனது, கேள்விக்குறி போனது. பிலிப்பைன்ஸ்காரன் எழுதிக் கொடுத்த பக்கம் பக்கமான மந்திரம் முழுவதும் போனது. முகத்தைப் பார்த்தால் ஜனாசா அடக்கத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தான் என்று ஸுல்பிகா என் வீட்டுக்காரியிடம் சொன்னாள். மிஞ்சினது சில வரிகள்தான். இடப்பக்கம் இவ்வளவை வெட்டு. வலப்பக்கம் இவ்வளவை வெட்டு. வெட்டினதில் ஜி எத்தனை என்று எண்ணு. பொத்தானை அமத்தினான், கையை எடுக்கும் முன் விடை வந்து நின்றது. முழுச் சேலைக்கும் போட்டுப் பார்த்தான். சரி. கரை அகலமான இன்னொரு சேலைக்கும் போட்டுப் பார்த்தான். அதுவும் சரி.

அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. “மாமி! இஞ்ச வாங்க!” என்று கூப்பிட்டான். முன்பு வாயில் நுழையாத ஒன்றைக் காட்டிப் பெருமைப்பட்டவன், இப்போது எவ்வளவு லேசு பாருங்கள் என்று ஒவ்வொரு வரியையும் தொட்டுத் தொட்டு விளக்கினான். சபியா உம்மா முக்காட்டுக்குள்ளிருந்து முழுவதையும் கேட்டார்.

“இவ்வளவுதானா மருமகன்?”

“இவ்வளவுதான் மாமி!”

“இடப்பக்கம் எண்ணுற, வலப்பக்கம் எண்ணுற. கூட்டிப் பாக்கிற.”

“ஓம் மாமி!”

“இதத்தானே மருமகன் நான் கலியாணம் முடிச்ச நாளையில இரிந்து செய்யிற? இதுக்கு என்னத்துக்கு ஒரு கொம்பியூட்டர்?”

புரோகிராம் விளங்காதவரை மெஷினுக்கு வீட்டில் ஒரு இடம் இருந்தது. விளங்கினதும் அந்த இடம் போய்விட்டது. நல்ல வேலை செய்து தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்தவனை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

“நல்லம். வேல செஞ்சு காட்டினீங்க, நான் இல்லையெண்டு சொல்லல்ல,” என்று சபியா உம்மா மெதுவாகச் சொன்னார். “ஆனா வேலயே இல்லாத இடத்தில என்னத்தச் செய்யிற? திங்கக்கிழமை பாஸ்போட்டக் குடுங்க.”

“குடுக்கமாட்டார்,” என்றாள் ஸுல்பிகா.

உம்மா திரும்பிப் பார்த்தார்.

“பெட்டிய வித்துப்போடுங்க, எனக்கொண்டுமில்ல. அவர் போகமாட்டார். மூணு வருசம் நான் கெசட்டோட குடும்பம் நடத்தினன் உம்மா. அவர் அதில பேசிப் பதிஞ்சு அனுப்புவார், நானும் பேசிப் பதிஞ்சு அனுப்புவன். நான் அழுதா அது அங்க போய்ச் சேர ஒரு மாசம். அவர் பதில் சொல்லி வரக்குள்ள நான் என்னத்துக்கு அழுதனெண்டு எனக்கே மறந்திரிக்கும். இனி ஏலா.”

“நான் உங்கட நன்மைக்குத்தானே புள்ள...”

“தெரியும் உம்மா. ஆனா இந்த வீடும் வளவும் சீதனமா என்ட பேரில எழுதினது. நீங்கதான் எழுதித் தந்த. இதில ஆர் இரிக்கிற, ஆர் போறெண்டு இனி நான்தான் சொல்லுற.”

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். எழுதிக் கொடுத்த உம்மா கடைசிவரை அதே வீட்டில்தான் இருப்பார். யாருடைய வீடு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஸுல்பிகா சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஏஜென்ட் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? படலையைத் திறக்கும் முன்பே சபியா உம்மா வெளியே வந்துவிட்டார். முக்காடு தோளில் கிடந்தது. குரல் பழைய உயரத்துக்கு ஏறியிருந்தது.

“ஆர்ர மருமகன ஆரக் கேட்டு அனுப்பப் பாக்கிறாய்? வெக்கமில்லையா உனக்கு? கலியாணம் முடிச்ச ஆம்புளைகளப் புடிச்சுப் புடிச்சு ஏத்துற நீ, உனக்கு ஒரு குடும்பம் இல்லையா?”

“உம்மா, நீங்கதானே வந்து சொன்ன, மருமகனுக்கு விசா...”

“நானா? நான் ஆருடா சொல்லுறதுக்கு? இது என்ட வீடா? புள்ளட வீடு! அவளக் கேளு!”

ஏஜென்ட் பயந்து மோட்டார்சைக்கிளைத் திருப்பினான். அவன் போன பிறகும் சபியா உம்மா படலையைப் பிடித்தபடி நடுவெயிலில் நின்றார். கத்தி முடித்த ஆளின் தோள் ஏன் அப்படிக் குலுங்க வேண்டும் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கினதும் வேலி மட்டையை மூடிவிட்டேன்.

மூடின மட்டைக்கு அந்தப் பக்கம் றஸாக்கின் செருப்புச் சத்தம் கேட்டது.

“மாமி, வெயிலுக்க நிக்காதீங்க,” என்றான். “வீட்டுக்க வாங்க.”