பேட்டரிக்கு வைத்த சந்தனப் பொட்டு

பூச்சோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பு மேட்டில் இருக்கிறது. என் முட்டி தேய்ந்த பிறகு, பாசாருக்குக் காய் வாங்கப் போவதென்றாலும் என் வீட்டுக்காரரின் காரில்தான். நான் கீரைக்கார அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசினால் போதும், காருக்குள் இருந்தபடியே ஹாரன் அடிப்பார். அட, நிம்மதியாக ஒரு தே தாரேக் டீ குடிக்க முடியாது! தனியாகப் போய்வர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அதற்காகத்தான் என் பழைய சைக்கிளுக்கு மோட்டார் வைத்தோம். கிள்ளானில் ஒரு கடையில் முன்சக்கரத்தின் நடுவே பொருத்தினார்கள். இருப்பதே தெரியாத அளவு சின்னது. பேட்டரி தண்ணீர் பாட்டில் அளவு. கழற்றி வீட்டுக்குள் வைத்து சார்ஜ் போடலாம்.

"மழையில ஓட்டலாம் ஆன்டி. ஆனா பேட்டரிய கழட்டுனா இந்த அடிப்பக்கத்துல மட்டும் தண்ணி படக்கூடாது லா," என்றார் கடைக்காரர். வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

முதல் நாள் லேசாகத்தான் மிதித்தேன். மேடு தானாக இறங்கி வந்த மாதிரி இருந்தது. வெயில் ஏறும்வரை சுற்றினேன். எத்தனை வருஷமாயிற்று அப்படிச் சிரித்து!

இரண்டு மாதத்தில் ஆயுத பூஜை வந்தது. கோயில் வாசலில் லோரி, கார் என்று நீண்ட வரிசை. நடுவில் என் சைக்கிளும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான், சாமி காரியத்தில் மட்டும் அளவு தெரியாது.

"சாமி, இதுதான் இதோட உயிரு, இதுக்கும் செய்ங்க," என்று பேட்டரியைக் கழற்றி நீட்டினார்.

குருக்கள் சந்தனமும் குங்குமமும் வைத்து, மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் தாராளமாக ஊற்றினார். அது வழிந்து அடிப்பக்கம் போனது.

"ஐயோ, போதுங்க!" என்றேன்.

"தொடச்சிட்டா சரியாயிடும் லா," என்றார் இவர்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். வீட்டில் துடைத்து சார்ஜ் போட்டார். கொஞ்ச நேரத்தில் புகை. நான் இந்த முட்டியோடு எழுந்திருப்பதற்குள் வெறுங்கையால் அதைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

மறுவாரமே மோட்டாரையும் கழற்றச் சொல்லிவிட்டார். "இனிமே இது வேணாம்மா. எங்க போவணும்னாலும் சொல்லு, நான் இருக்கேன்ல," என்கிறார்.

இன்னொரு பேட்டரி வாங்கலாமா என்று வாய்வரை வருகிறது. ஸ்டியரிங்கைப் பிடிக்க விரியும் அவர் உள்ளங்கையில் வெந்த தோல் இன்னும் சுருங்கியே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் இல்லாமல் போக வேண்டும் என்று எப்படிச் சொல்வது?