வெற்றிச்செல்வி பிசைந்த மாவு

மணிமொழிக்குச் சொந்த ஊர் உடையார்பாளையம் பக்கம். பிறந்த வீட்டில் நிலமும் உண்டு, முந்திரிக்காடும் உண்டு. கணவன் பிரேமுக்கு ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலை வேலை என்பதால் கல்யாணமானதிலிருந்து அரியலூரில்தான் வாசம்.

அவள் குடியிருந்த தெருவில் பீட்சா என்றால் மணிமொழிதான். மகள் இனியா திருச்சியில் ஒருமுறை தின்றுவிட்டு வந்து அதே வேண்டும் என்று அழுதபோது, செல்போனில் வீடியோ பார்த்துச் செய்யத் தொடங்கினாள். முதலில் மாவு கல்லாகக் கிடந்தது. அடுத்த தடவை புளித்து நாறியது. ஈஸ்ட் கொதிநீரில் செத்துப்போகும், கை பொறுக்கிற சூடுதான் வேண்டும் என்பதெல்லாம் கெட்டுக் கெட்டுத்தான் புரிந்தது. பிறகு கை தேறிவிட்டது. சின்னதாக ஓர் ஓவனும் வாங்கினாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் பீட்சா என்பது வழக்கமாயிற்று. இனியாவின் சிநேகிதப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு யாழினி அவர்களில் ஒருத்தி. அவளுடைய அம்மா வெற்றிச்செல்வி ஆஸ்பத்திரியில் நர்ஸ். குன்னத்தில் பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் வெங்காயம் அறுத்தும் படிக்கவைத்த பெண். குடிவந்த சில மாதங்களிலேயே இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அதிகமாகிவிட்டது. மணிமொழி அவளை 'செல்வி' என்பாள். அவளுக்கு மணிமொழி 'அக்கா'. நீ என்ன ஆள், எந்தத் தெரு என்று மணிமொழி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காதது குறித்து உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. கல்லூரி விடுதியில் யார் தட்டிலும் கைவைத்துச் சாப்பிட்டவள் அவள்.

அந்த ஞாயிறு, குடைமிளகாய் நறுக்கும்போது கத்தி வழுக்கி இடது உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த வெற்றிச்செல்வி காயத்தைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினாள்.

"இந்தக் கையில தண்ணி படக்கூடாதுக்கா. நீங்க உக்காந்து சொல்லுங்க, நான் பெசையறேன்."

மணிமொழி சொல்லச் சொல்ல அவள் பிசைந்தாள். கையில் ஒட்டுகிற மைதா மெல்ல மெல்லத் திரண்டு, காது மடல்போல் மெத்தென்று ஆகும்வரை விடவில்லை. ஈரத்துணி போட்டு மூடிவைத்துவிட்டு, "குளிச்சுட்டு யாழினியக் கூட்டிட்டு வரேன்க்கா" என்று கிளம்பினாள். வாசலில் பிரேமின் அக்கா சிந்தாமணி பஸ்ஸிலிருந்து இறங்கி, பையோடு வந்துகொண்டிருந்தாள். ஆண்டிமடத்திலிருந்து முந்திரிப்பருப்பு கொண்டுவந்திருந்தாள்.

"யாரும்மா நீ?"

"பக்கத்து வூடுங்க. சொந்த ஊரு குன்னம்."

"குன்னத்துல எந்தப் பக்கம்?"

வெற்றிச்செல்விக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. "காலனித் தெருங்க" என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

சிந்தாமணி நேரே சமையலறைக்கு வந்தாள். மூடியிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள், மணிமொழியின் கைக்கட்டையும் பார்த்தாள்.

"அவதான் பெசஞ்சாளா?"

"ஆமாண்ணி."

"எனக்கு வேணாம். இனியாவுக்கும் அதக் குடுக்காத. வேற மாவு போட்டுக்க."

அவ்வளவுதான். கத்தவில்லை, மிரட்டவில்லை. சொல்லிவிட்டுக் கூடத்தில் போய் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்துகொண்டாள். 'முடியாதண்ணி' என்று மணிமொழி சொல்லியிருக்கலாம். சொன்னால் சிந்தாமணி கோபித்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறியிருப்பாள், பிரேம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான். அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மணிமொழி பாத்திரத்தைத் தூக்கி அலமாரிக்குக் கீழே மறைத்துவைத்தாள். கட்டுப்போட்ட கையில் ஒரு கேரிபேகை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு, வேறு பாத்திரத்தில் புதிதாகப் பிசைய ஆரம்பித்தாள். கை விண்விண்ணென்று தெறித்தது.

பாதி பிசைந்திருந்தபோதே தாயும் மகளும் வந்துவிட்டார்கள். வெற்றிச்செல்வி அந்தக் கையைப் பார்த்துத் திகைத்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"அது... மாவு சரியா வரல செல்வி. பொங்கவே இல்ல. கெட்டுப்போச்சு."

"அய்யோ, நான்தான் தண்ணிய அதிகமா ஊத்திட்டனா?"

அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். மணிமொழியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குள் யாழினி, தக்காளி சாஸ் எடுக்கக் குனிந்தவள், அலமாரிக்குக் கீழிருந்த பாத்திரத்தின் துணியைத் தூக்கிவிட்டாள்.

"அம்மா, இங்க பாரேன்! நீ பெசஞ்சது எவ்வளவு பெருசாயிருக்குன்னு!"

வெயில் காலத்து அரியலூரில் மாவு பொங்குவதற்குக் கேட்கவேண்டுமா? பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி எழும்பி நின்றது. வெற்றிச்செல்வி மாவைப் பார்த்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த சிந்தாமணியைப் பார்த்தாள். பிறகு மணிமொழியின் பக்கம் திரும்பினாள். பிளாஸ்டிக் பைக்குள் கட்டு சிவந்துகொண்டிருந்தது.

"ரத்தம் கசியுதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி வேற கட்டுப் போட்டுக்குங்க" என்றாள். அக்கா என்ற சொல் அதில் இல்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அன்று பீட்சா வெந்தது. சிந்தாமணி, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லித் தின்றாள். மணிமொழிக்கு ஒரு விள்ளலும் இறங்கவில்லை. வேலை முடிந்து வந்த பிரேமிடம் நடந்ததைச் சொன்னபோது, "அக்காவப் பத்தித்தான் தெரியுமே. நாளைக்குப் போயிரும். இதப் போயி பெருசு பண்ணிக்கிட்டு" என்றான். மணிமொழிக்குச் சிந்தாமணியைப் பற்றிய எண்ணமே இல்லை. மாவைத் தூக்கி மறைத்தது தன் கை. கெட்டுப்போச்சு என்று சொன்னது தன் வாய். யாரும் கற்றுக்கொடுக்காமல் அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவளைக் குடைந்தது.

மறுநாள் சாயங்காலம், வெற்றிச்செல்வி டூட்டி முடிந்து வரும்வரை காத்திருந்து அவள் வீட்டுக்குப் போனாள்.

"மன்னிச்சிரு செல்வி. அண்ணி அப்படிச் சொல்லுவாங்கன்னு..."

"அவங்களப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. அவங்க மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க, நானும் சொன்னேன். நீங்க எங்கிட்டயே பொய் சொன்னீங்க. நானும் என் கைதான் சரியில்லன்னு நம்பிட்டேன் பாருங்க."



"நல்லாப் பொங்குன மாவ ஆன்ட்டி ஏன் கெட்டுப்போச்சுன்னாங்கன்னு யாழினி ராத்திரியிலேர்ந்து கேக்குறா. நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க."

யாழினி கதவோரம் நின்றிருந்தாள். மணிமொழிக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை.

"மாவு கெடல கண்ணு. உங்கம்மா நல்லாத்தான் பெசஞ்சாங்க. உங்கம்மா கைபட்டத சாப்பிட மாட்டேன்னு எங்க வூட்டு ஆளு ஒருத்தங்க சொன்னாங்க. அது தப்புன்னு தெரிஞ்சும் நான் பேசாம இருந்துட்டேன். அத மறைக்கப் பொய் சொன்னேன்."

"எங்கம்மா கையில என்ன?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஒண்ணுமே இல்ல."

குழந்தை அம்மாவின் கைகளைப் பார்த்தது. வெற்றிச்செல்வி எழுந்து, "சரி, போயிட்டு வாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்த கையோடு மணிமொழி ஆண்டிமடத்துக்குப் போன் போட்டாள். "எங்க வூட்டுக்கு வந்தா யார் பெசஞ்சதையும் சாப்பிடணும் அண்ணி. இல்லன்னா இனிமே சாப்பாட்டுக்கு வராதீங்க" என்றாள்.  சிந்தாமணி போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து வரத்து நின்றுபோயிற்று. பிரேம் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. இதெல்லாம் ஒருநாள் முன்னால் செய்திருக்கவேண்டியது என்ற நினைப்பு மட்டும் அவளை விடவில்லை.

பீட்சா செய்வதை அவள் நிறுத்திவிட்டாள். யாழினி இந்தப் பக்கம் வருவதில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் வெற்றிச்செல்வி தலையசைப்பாள், அதோடு சரி. ஆனால் இனியா அந்த வீட்டுக்கு விளையாடப் போவதை யாரும் தடுக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் இனியா உதட்டோரம் சிவப்பாக வந்து நின்றாள்.

"யாழினி வூட்டுல பீட்சாம்மா! தோசைக்கல்லுலயே சுட்டாங்க. சின்ன வெங்காயம் போட்டு. எனக்கு ரெண்டு துண்டு குடுத்தாங்க."

"மாவு யாரு பெசஞ்சா?"

"அவங்கம்மாதான்."

எந்தக் கை பிசைந்த மாவைத் தான் மறைத்துவைத்தாளோ, அதே கை பிசைந்ததை அவர்கள் தன் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மணிமொழி, "நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"உன்னோடத விட மெத்துன்னு இருந்துச்சும்மா."

மகள் கைகால் கழுவப் போனாள்.  அந்த வீட்டுக்கு மணிமொழியை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்கவும் அவளுக்கு முகமில்லை.