பின்னறைக்குக் கட்டில் போட்ட கதை

பிள்ளைகளே, நாங்கள் இருக்கும் பின்னறைக்கு வரும்போதெல்லாம் "வாப்பா, நாலு சுவருக்கும் ஏன் நாலு கலர்?" என்று கேட்கிறீர்கள். கேட்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் உம்மா சிரிக்கிறாள். நான் பதில் சொல்வதில்லை. இனிக் கேட்க வேண்டாம், எழுதி வைத்துவிடுகிறேன்.

நமது ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. எங்கள் மகள், உங்கள் ராத்தாவின் கலியாணம் முடிந்த கையோடு வீடு அவளுடையதாகி, உங்கள் மச்சான் வந்து குடியேறினார். உங்கள் உம்மாவுக்கும் அந்த வீடு அவளுடைய உம்மாவிடமிருந்து அப்படித்தான் வந்தது. நானும் ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு அதற்குள் வந்தவன்தான். ஆகையால் எனக்குப் பெரிய கவலை இல்லை. அதே சூட்கேசை எடுத்துக்கொண்டு, வளவின் பின்பக்கத்தில் நெல் மூட்டை அடுக்கும் அறைக்குப் போய்விட்டேன்.

உம்மா வரவில்லை. வீட்டு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தவள் அவள். ராத்தாவின் அறைக்குத் திரைச்சீலை தைத்துப் போட்டவளும் அவள். ஆனால் படுக்கும் நேரம் வந்ததும் பாயை ஹோலில் விரித்தாள். "மாப்பிள்ள புதுசு. ஏதும் தேவப்பட்டா ஆர் எடுத்துக் குடுக்கிற?" என்றாள் முதல் கிழமை. இரண்டாவது கிழமை இடுப்பு வலி, படி இறங்க ஏலாது. மூன்றாவது கிழமை பின்னறையில் எலி. எலி இருந்தது உண்மை. அது எங்கள் கலியாணத்திலிருந்தே இருக்கிறது.

ஒரு நாள் ராத்தா நான் வேலை செய்யும் ஹாட்வெயார் கடைக்குப் பகல் சாப்பாட்டோடு வந்தாள். சாப்பாட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"வாப்பா, உம்மா ஹோலில படுத்துக் கிடக்கக்குள்ள அவரால தாண்டி வர ஏலாதாம். வெக்கமாம். விடிய சுபஹுக்கு எழும்பினா, உம்மா எழும்பித் தொழுது முடிக்கும் மட்டும் அறைக்குள்ளயே இரிக்காரு. ரெண்டு நாள் பள்ளியில ஜமாஅத் தப்பிட்டு."

"அவர் என்ன சொல்றாரு?"

"ஒண்டும் சொல்றார் இல்ல. ஆனா நேத்துக் கேட்டாரு, நாம வேற எங்கயாச்சும் வாடகைக்கு ஒரு வீடு பாப்பமா எண்டு."

சாப்பாட்டை மூடி வைத்தேன். கொடுத்த வீட்டைப் பிள்ளை பூட்டிவிட்டுப் போனால் அது கொடுத்ததாகாது. உம்மாவிடம் போய், நீ ஹோலை விட்டு எழும்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இருபத்தைந்து வருடம் அவளுடைய வீட்டில் இருந்தவன் நான். அவளாக ஆசைப்பட்டு வரக்கூடியதாகப் பின்னறையை ஆக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதிசயமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நெல் மூட்டைகளை அகற்றி, சுவருக்குப் பூச்சுப் போட்டேன். பெயின்ட் வாங்கவில்லை. எங்கள் கடையில், கலந்த பிறகு ஆட்கள் வேண்டாம் என்று விட்டுப்போன வாளிகள் எப்போதும் இருக்கும். கிரீம் என்று கேட்டுக் கத்தரிப்பூவாக வந்தது ஒன்று. பச்சை ஒன்று, ஆஸ்பத்திரி போல இருக்கிறதென்று திரும்பி வந்தது. மூன்றாவது மஞ்சள், அதில் பிழை ஒன்றும் இல்லை, வாங்கியவர் வெளிநாடு போய்விட்டார். முதலாளி மூன்றையும் எடுத்துப்போ என்றார். மூன்று சுவர் முடிந்தது. நாலாவது சுவருக்கு மிச்சங்களை ஒன்றாகக் கலந்தேன். அந்த நிறத்துக்கு இதுவரை பெயர் இல்லை.

திரைச்சீலைக்கு மருதமுனையில் தறி போட்டிருக்கும் சிநேகிதர் ஒரு சாரன் துண்டு தந்தார். ஒரு கரையில் கட்டம் கோணிப் போயிருந்தது. கோணல் உள்ளே போகிற மாதிரி மடித்துத் தைத்தேன். தைத்து முடித்துப் பார்த்தால் உள்ளே போயிருந்தது நேரான பக்கம். மேசைக்குப் பழைய தையல் மெஷினின் இரும்புக் கால், மேலே ஒரு பலகை. கண்ணாடிக்கு லொறியின் பக்கக் கண்ணாடி. அதில் முகம் முழுதாகத் தெரியாது. ஆனால் பின்னால் யார் வருகிறார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

கட்டில் வீரமுனையில் தச்சுவேலை செய்யும் ஒரு தமிழ் ஓடாவியாரிடம் கிடைத்தது. தேக்கு. யாரோ கலியாணத்துக்குச் சொல்லிவிட்டு எடுக்க வராமல் போனதால் பாதி விலைக்குத் தந்தார். தலைமாட்டுப் பலகையில் இரண்டு மயில்கள் செதுக்கியிருந்தன.

"மயில் வேணாம். தொழுற அறை, உருவம் ஆகாது" என்றேன்.

"மயில் என்ன செய்யும், காக்கா? அது பாட்டுக்கு நிக்கும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு உளியை எடுத்தார். தலைகளைச் சீவினார். "தலைய எடுத்துட்டா தோக இலைதானே" என்றார். பார்த்தால் இலைதான். கொஞ்சம் கால் உள்ள இலை.

கடைசியாக, கதவுக்கு மேலே மேற்குச் சுவரில், தொழும் திசையான கிப்லாவைக் காட்டி ஒரு அம்புக்குறி வரைந்தேன். அடிமட்டம் வைத்து, பச்சைப் பெயின்டில். முழு அறையிலும் எனக்கு ஆகப் பிடித்த வேலை அதுதான்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு உம்மாவைக் கூட்டிவந்தேன். ராத்தாவும் பின்னால் வந்து வாசலில் நின்றாள். அவளுக்கு மட்டும்தான் தெரியும், எதற்காக இதெல்லாம் என்று. உம்மா உள்ளே வந்து ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள்.

"இதென்ன, பஸ் ஸ்டாண்டா?"

"நாலும் சும்மா கிடைச்ச பெயின்ட்" என்றேன்.

"தெரியுது."

திரைச்சீலையின் விளிம்பைப் பிடித்துப் பார்த்தாள், விட்டாள். லொறிக் கண்ணாடியைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்தாள். நல்ல அறிகுறி என்று நினைத்தேன். அப்புறம் கட்டிலைப் பார்த்தாள். கட்டிலிலிருந்து கதவுக்கு மேலே பார்த்தாள். மறுபடியும் கட்டில்.

"இஞ்ச, இதில எப்படிப் படுக்கிற?"

"தலைமாட்டில தலைய வெச்சி."

"அப்ப கால்?"

நானும் பார்த்தேன். தலைமாடு கிழக்கே இருந்தது. கால்மாடு நேரே மேற்கே, என் அம்புக்குறிக்குக் கீழே. கால் நீட்டினால் கிப்லாவுக்கு நேரே போகும். எவ்வளவு நேரே என்பதை அம்புக்குறி வேறு காட்டிக்கொண்டிருந்தது.

"அம்புக்குறி போட்டுக் காலக் காட்டுறீங்களே! ஊரில எந்த மனிசன் இதச் செய்வான்?"

வாசலில் ராத்தா சிரித்தாள். உம்மாவும் சிரிக்கப்பார்த்தாள், அடக்கிக்கொண்டாள். "நிண்டு பாக்காம ஒரு பக்கத்தப் பிடிங்க" என்றாள். மூன்று பேரும் கட்டிலைத் திருப்பினோம். குறுக்கே போட்டால் கால் மேற்கே போகாது. ஆனால் நான் அறையை அளந்தது பூச்சுப் போடுவதற்கு முன்பு. கட்டில் இரண்டு விரற்கடை நீளம் அதிகம்.

"ஓடாவியாரக் கூப்பிடுங்க. நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க. வரும்போது நான் இரிக்கணும், இல்லாட்டி நீங்க இன்னம் எதையாச்சும் செஞ்சி வெச்சிடுவீங்க."

அவர் வந்தார். கால்மாட்டில் ஒரு சாண் அறுக்கச் சொன்னாள் உம்மா, இரண்டு விரற்கடை போதும் என்று நான் சொன்னதைக் கேட்காமல். "கூட்ட இடம் வேணும்" என்றாள். கட்டில் குறுக்கே உட்கார்ந்தது.

"தல எந்தப் பக்கம் தங்கச்சி? எங்கட ஆக்கள் வடக்க தல வெக்கிறல்ல" என்றார் ஓடாவியார்.

"அப்ப தெற்க வெச்சிடுங்க. எங்களுக்கும் கொறயில்ல, உங்களுக்கும் கொறயில்ல" என்றாள் உம்மா.

அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. கோணலை மறைக்கத் திரைச்சீலையைப் பிரித்துத் தைக்க மெஷின் வேண்டும் என்று தன் மெஷினை எடுத்துவந்தாள். மெஷின் வந்தால் நூல் டப்பா வர வேண்டும். நூல் டப்பா அலுமாரியில் இருக்கிறது, அலுமாரியும் வந்தது. ஓடாவியாரும் நானும் தூக்கினோம், ராத்தா கதவைப் பிடித்தாள். பகல் லுஹர் பாங்குக்கு முன் ஹோலில் அவளுடைய சாமான் என்று பாய் மட்டும் மிஞ்சியது. அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஹோலின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். ராத்தா தரையைப் பார்த்தாள்.

"இந்த மூலைய நல்லாக் கூட்டு மகள். தூசி சேருற இடம்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். இடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சுவர்களுக்கு மட்டும் மறுபடி பெயின்ட் அடிக்க விடவில்லை. "கிடக்கட்டும். 'பச்சச் சுவர்ப் பக்கம் வெச்சன்' எண்டு சொல்ல லேசு" என்றாள்.

மறுநாள் விடியக்காலை சுபஹு பாங்கு சொல்லும்போது இரண்டு பேரும் விழித்துக் கிடந்தோம். கட்டில் உம்மாவின் அளவுக்குச் சரியாக வந்திருந்தது. நான் காலை மடித்துக் கிடந்தேன். பெரிய வீட்டில் ஹோலைத் தாண்டி ஒருவர் நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு முன்கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. உங்கள் மச்சான் பள்ளிக்குப் போகிறார்.

"அந்தக் கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெ விடணும்" என்றாள் உம்மா. எழும்பி உட்கார்ந்து செருப்பைக்கூடத் தேடிவிட்டாள். பிறகு காலைக் கட்டிலுக்கு மேலே எடுத்தாள்.

"மகள்ட கதவு. அவள் விடட்டும்" என்றாள்.