வளவைத் தாண்டாத கார்

சாமுவேல் அண்ணையின் மனைவி கிரேஸ் அக்கா தொலைபேசியில் இரண்டு செய்திகளை ஒரே மூச்சில் சொன்னார். "தம்பி, அண்ணை காலமை மோசம் போட்டார். கார்த் திறப்பை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்." சாவுச் செய்திக்கு நான் மனதைத் தயார் பண்ணித்தான் வைத்திருந்தேன்; மூன்று மாதமாக அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தவன் நான். இரண்டாவது செய்திதான் என்னைக் கதிரையில் இருத்தியது.

சாமுவேல் அண்ணையை உங்களில் பலருக்குத் தெரியும். மோட்டார் வாகனப் பரிசோதகராக இருந்த காலத்தில், அவரிடம் வண்டியைக் காட்டித் திட்டு வாங்காதவர்கள் இந்தக் குடாநாட்டில் குறைவு. சொந்த மைத்துனரின் வானை, ஒரு பக்க விளக்கு கொஞ்சம் மேலே பார்க்கிறது என்று திருப்பி அனுப்பியவர். மைத்துனர் ஒரு வருடம் கதைக்கவில்லை. நான் அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த புதிது. "உப்பிடிப் பாத்தால் ஊரிலை ஒரு வண்டியும் ஓடாது அண்ணை" என்று சலித்துக்கொண்டேன். "எதிரிலை வாறவனுக்கும் ஒரு வீடு இருக்கு, தம்பி" என்றார். பிறகு அந்த வசனத்தை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய ஒரே மகன் ஜெயந்தன் ஜெர்மனியில் புற்றுநோயால் இறந்தான். கலியாணம் ஆகவில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் விசா கிடைக்காததால் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவனுடைய நண்பர்கள் காசு சேர்த்து, அவன் ஆசையாக வைத்திருந்த காரைக் கப்பலில் அனுப்பினார்கள். சவப்பெட்டி வரவேண்டிய வீட்டுக்குக் கார் வந்தது. நல்ல மனதோடு செய்தார்கள், ஆனால் ஒருவரும் விசாரிக்கவில்லை. ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள காரை இந்த நாட்டில் பதிய முடியாது. மாதக்கணக்கில் அது துறைமுகத்தில் கிடந்தது. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, வீதியில் இறக்குவதில்லை, நினைவுப் பொருளாகச் சொந்த வளவுக்குள் மட்டுமே வைத்திருப்பேன் என்று கையெழுத்து வைத்து அண்ணை அதை எடுத்தார். பாரவண்டி ஒன்று அதை அரியாலையில் அவர் வீட்டு வளவில் இறக்கிவிட்டுப் போனது.

பரிசோதகரின் அறிக்கை ஒன்றும் வேண்டியிருந்தது. சொந்தக் காருக்கு அவரே எழுத முடியாது. அந்த வேலை என் தலையில் விழுந்தது. படிவத்தோடு போய் நின்றேன். "ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாத்திப்போட்டு, ஆரையும் பிடிச்சு ஒரு வழி பாப்பம் அண்ணை" என்றேன். அது பிழை என்று எனக்கும் தெரியும். அவர் முன் விளக்குகளுக்கு நேரே குந்தியிருந்தார். "வலப்பக்கத்தாலை ஓடுற ஊருக்குச் செய்த லைற். இஞ்சை ஓடினால் எதிரிலை வாறவன்ரை கண்ணிலைதான் அடிக்கும். எழுதும்." நான் பேனையைத் திறக்கவில்லை. "எழுதும் தம்பி. நீர் எழுதாட்டி நான் நாளைக்கே காரை எடுத்துக்கொண்டு வீதிக்கு வெளிக்கிட்டிடுவன்." 'வீதிக்குத் தகுதியற்றது' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். அவர் வாங்கி வாசித்து, திகதி விடுபட்ட இடத்தை விரலால் காட்டினார். அந்த இரண்டு சொற்களையும் காரைப் பற்றித்தான் எழுதினேன். ஆனாலும் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதிக் கொடுத்ததைப் போல இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்றைக்குத்தான் அதையும் பார்த்தேன். திறப்பை அமத்திக் கதவைத் திறந்ததும், சாரதியின் இருக்கை மெல்ல முனகிக்கொண்டு தானாகவே பின்னுக்கு நகர்ந்தது. பக்கக் கண்ணாடிகள் நிமிர்ந்தன. ஜெயந்தன் ஆறடிக்கு மேல் உயரம். அவன் தனக்கென்று பதிந்து வைத்த அளவைக் கார் மறக்கவில்லை. குசினி வாசலில் நின்ற கிரேஸ் அக்கா, "பிள்ளை ஏறி இருக்கிறான்" என்றார். சாமுவேல் அண்ணை மற்றப் பக்கம் சுற்றிப் போய், ஸ்டியரிங் இல்லாத வலப்பக்க இருக்கையில் ஏறி இருந்தார்.

பற்றரி இறங்கினால் இருக்கையின் அந்த அளவு அழிந்துபோகலாம் என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்து, அரைமணி நேரம் காரை இயங்க விட்டு, அதே வலப்பக்கத்தில் இருப்பார். பெற்றோல் பங்கீட்டுக்கு வந்த காலத்தில் பதிவில்லாத காருக்குச் சொட்டும் கிடையாது. தன் மோட்டார் சைக்கிளின் பங்கைக் காருக்கு ஊற்றிவிட்டு, கந்தோர் வேலைக்குச் சைக்கிளில் வந்தார். ஓடாத காருக்கு எண்ணெய், ஓடுகிற மனுசனுக்குப் பெடல் என்று கந்தோரில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கிரேஸ் அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒருநாளாவது பிள்ளையின் காரில் தேவாலயம் வரை போய் வர வேண்டும். நடந்தால் பத்து நிமிடம். "ஏலாது, கிரேஸ்" என்பார் அண்ணை. வருடக்கணக்கில் அவரிடம் வேறு பதில் இருக்கவில்லை. நான் அக்காவுக்காகக் கேட்டபோதும், "உந்தச் சாரதி இருக்கை அவன்ரை இடம். உதிலை நான் ஒருநாளும் இருந்ததில்லை, இருக்கவும் மாட்டன்" என்று முடித்துவிட்டார். சட்டப் புத்தகத்துக்குப் பிறந்த மனுசன் என்று மனதுக்குள் திட்டினேன்.

அண்ணையின் அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு, திறப்போடு போனேன். கதவைத் திறந்தேன். இருக்கை பின்னுக்குப் போனது. கதவின் உட்பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று இருக்கை அளவைப் பதிந்து வைக்கும் பொத்தான்கள். ஒன்று ஜெயந்தனுடையது. இரண்டை ஏன் அமத்தினேன் என்று தெரியாது. இருக்கை முன்னுக்கு வந்தது. வந்து, ஸ்டியரிங்கோடு ஒட்டுமளவுக்குக் கிட்டவாக, உயர்ந்து நின்றது. கண்ணாடிகள் குனிந்தன. கந்தோர் ஜீப்பில் அண்ணை ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓட்டுகிறார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோமே, அதே கிட்டம். இருக்கையைச் சரிபண்ணி, கண்ணாடி பார்த்து, வெளிக்கிட ஆயத்தமாக அவர் அதில் இருந்திருக்கிறார். பிறகு இறங்கியிருக்கிறார். எத்தனை தரம் என்று யாருக்குத் தெரியும்?

கிரேஸ் அக்கா கிட்ட வந்து அந்த இருக்கையைத் தடவிப் பார்த்தார். "தம்பி, சேமக்காலை மட்டும் ஒருக்காப் போவம். அண்ணையின்ரை கல்லறையைப் பாத்திட்டு உடனை வருவம். வாசல் படலை திறந்துதான் கிடக்கு."

"ஏலாது அக்கா" என்றேன்.

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் கோபிக்கவில்லை. சுற்றிப் போய் வலப்பக்கத்தில் ஏறி இருந்தார். நான் இரண்டாம் பொத்தானின் இடத்துக்குள் என்னை நுழைத்துக்கொண்டேன். முழங்கால்கள் ஸ்டியரிங்கில் இடித்தன. இருக்கையைப் பின்னுக்குத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. காரை இயக்கினேன். அரைமணி நேரம் இரண்டு பேரும் திறந்து கிடந்த படலையைப் பார்த்தபடி இருந்தோம்.

அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்தத் திறப்பு, இனி வரும் ஞாயிறுகள், 'ஏலாது' என்ற சொல். அதைச் சொல்லிவிட்டு அந்த இருக்கையில் இருப்பது எப்படி என்று இப்போது எனக்கும் தெரியும்.