பன்னிரண்டு பைகளும் என் மூக்கும்

செவ்வாய்க்கிழமை காலை அக்காவின் அஞ்சலட்டை செங்கல்பட்டில் என் அலுவலக மேசைக்கு வந்தது. அக்காவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு கதீஜாவின் மகள் எழுதுவாள், ஓர் எழுத்தையும் திருத்தாமல். "பன்னெண்டு பை கீது. ஞாயித்துக்கெழம வந்து மோந்து பாத்துட்டுப் போ." அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் வைத்தேன். பகல் சாப்பாட்டுக்கு எழுந்தபோது தந்தி வந்தது. அன்று காலை பூசணிக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், அப்படியே போய்விட்டாள். இதெல்லாம் அங்கே போன பிறகு தெரிந்தது. அந்த நிமிடத்தில் சட்டைப்பையில் இருந்த அட்டையை நம்புவதா, கையில் இருந்த தாளை நம்புவதா என்று எனக்குப் புரியவில்லை.

மாமல்லபுரத்துக் கைவினைச் சந்தையில் என் அக்கா அஞ்சலையிடம் வலைப்பை வாங்கிய உங்களில் பலருக்கு என்னையும் தெரிந்திருக்கும். சலவைச் சட்டையோடு அவள் கடைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, வெயிலைத் திட்டிக்கொண்டிருந்த தம்பி நான்தான். அவளிடம் சொல்ல வேண்டிய ஒன்றை ஆறு வருடமாகத் தள்ளிப்போட்டேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

மாமா காய்ச்சலில் இறந்தபோது அக்காவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே, சவுக்குத் தோப்பை ஒட்டி முப்பது சென்ட் மணல், ஓர் ஓலை வீடு, நாலு ஆடு, எண்ணிக்கைக்கு அடங்காத கோழிகள். தனியாக இருக்க வேண்டாம், என் வீட்டுக்கு வந்துவிடு என்றேன். அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டே நிமிராமல் பேசினாள்.

"ஒரு வருஷம் வுட்டுப் பாருடா. நின்னு காட்றேன். முடியலன்னா நானே பொட்டிய கட்டிகினு உன் வூட்டுக்கு வந்துடறேன்."

ஒப்புக்கொண்டேன். ஆறு மாதம்கூடத் தாங்க மாட்டாள் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன்.

அவள் தாங்கினாள். உடைந்த கட்டுமரத்தின் மரங்களை இழுத்து வந்து கோழிக்கூண்டு கட்டினாள். முறிந்த துடுப்பு வேலிக் கதவுக்குத் தாழ்ப்பாளாயிற்று. ஓட்டைப் பானைகளை மண்ணில் புதைத்து, அதில் தண்ணீர் ஊற்றிப் பூசணி வளர்த்தாள். சவுக்குச் சருகு அடுப்புக்கு, அடுப்புச் சாம்பல் செடிக்கு. "வூட்டுக்குள்ள வந்த பொருளுக்கு வெளிய போற வழி தெரியக் கூடாதுடா" என்பாள். நான் கொண்டுபோன பிஸ்கட் டப்பாகூட அடுத்த முறை போனபோது ஆட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகியிருந்தது.

அப்போது கரைக்கு நைலான் வலை வந்துவிட்டது. பழைய பருத்தி வலைகளை ஆளுக்கு ஆள் மூலையில் போட்டார்கள். அக்கா அவற்றைக் கேட்டு வாங்கி, நைந்ததை வெட்டி ஒதுக்கி, நல்லதைப் பையாக முடிந்தாள். பழுப்பு நிறம், அடியில் சோழி கோத்த விளிம்பு, தோளில் மாட்டப் பின்னிய பட்டை. பார்க்க உண்மையிலேயே அழகு. மாதர் சங்கத்தார் பொங்கல் விடுமுறையில் மாமல்லபுரத்தில் மூன்று நாள் கைவினைச் சந்தை போட்டபோது அவளுக்கும் ஒரு கடை கிடைத்தது. இது ஓடினால் வருடம் முழுவதும் பை முடிந்தே பிழைத்துக்கொள்ளலாம். ஓடாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சந்தைக்கு முந்தின நாள் உதவிக்குப் போனேன். வேலிக் கதவைத் திறக்கும்போதே முகத்தில் அடித்தது. நாற்பது பைகளும் நாற்பது மீன்கூடையாக நாறின. எத்தனை வருடம் மீன் சுமந்த வலை, வெறும் தண்ணீரில் அலசினால் போய்விடுமா? கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அக்கா பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கதீஜா இன்னொரு பையை மடியில் வைத்துச் சோழி கோத்துக்கொண்டிருந்தாள். கரையிலேயே பிறந்து வளர்ந்த அந்த இரண்டு மூக்குக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருக்காது. பதினைந்து வருடச் செங்கல்பட்டு என் மூக்கை மாற்றிவிட்டிருந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதோடு இவள் என் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். இதுதான் நான் செய்தது.

மறுநாள் பஸ்ஸிலிருந்து மூட்டையோடு இறங்கியவள் முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாரும் நகந்து நகந்து எடம் வுட்டாங்கடா. ஒரு சீட்டு முழுசா எனுக்கே! நல்ல ஜனங்க." நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வெயில் ஏற ஏறப் பைகள் தம் வேலையைக் காட்டின. தூரத்தில் பார்த்துவிட்டு ஆசையாக வருவார்கள், கையில் எடுப்பார்கள், மெல்ல வைத்துவிட்டுப் போவார்கள். பகலுக்குள் மூன்று பூனைகள் கடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தன. அக்கா அவற்றை வாஞ்சையாக விரட்டினாள். கடைசியில் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மாள்தான் உடைத்துச் சொன்னார்: "பை நல்லா இருக்கும்மா. ஆனா மீன் நாத்தம் குடலைப் புடுங்குதே."

அக்கா பையை முகத்தில் வைத்து இழுத்து இழுத்து மோந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"உனுக்குத் தெரீதாடா?"

தெரிகிறது என்றால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். "இல்லக்கா" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அப்போ இன்னும் நீ நம்ம ஆளுதான்டா."

அந்த வார்த்தை அறைந்தது போல இருந்தது. வீம்புக்கு, "போதும்க்கா, பொட்டியக் கட்டு" என்றேன்.

"இன்னாத்துக்கு? இன்னும் ரெண்டு நாள் கீது."

இரண்டாம் நாள் அவள் கடைக்கு வரவில்லை. வீட்டில் சாம்பல் கரைத்த தண்ணீரில் பைகளை ஊறவைத்து, பூந்திக்கொட்டையும் எலுமிச்சை இலையும் போட்டு நெல் அவிக்கும் அண்டாவில் வேகவைத்து, வேலி முழுக்கக் காயப்போட்டாள். வாடை போயிற்றா என்று சொல்ல அங்கே ஓர் ஆளில்லை. மூன்றாம் நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கூவினாள்:

"ஒர்த்தனும் எடம் வுடல்லடா! நசுக்கிப் புழிஞ்சிட்டானுங்க! வாட போயிட்ச்சி!"

அன்று மாலைக்குள் கடை காலி. வருடம் முடிந்தபோது நானும் பெட்டிப் பேச்சை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தைக்கு முன்பும் அஞ்சலட்டை வரும், மோந்து பார்க்க வா என்று. போவேன். ஒவ்வொரு பையாக என் மூக்கில் வைப்பாள். சிலவற்றைத் திருப்பி அண்டாவுக்கு அனுப்புவேன். நண்டுக் குழம்பு வைத்துப் போடுவாள். என்னைப் பார்க்க அவள் கண்டுபிடித்த சாக்கு இது என்றுதான் நினைத்திருந்தேன்.

காரியம் முடிந்த அன்றும், அவள் காயப்போட்ட பன்னிரண்டு பைகள் வேலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. மதியத்துக்குமேல் எல்லாரும் போன பின், கதீஜா அவற்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாடையே தெரியாது என்று சொன்னவனை யாராவது மோந்து பார்க்கக் கூப்பிடுவார்களா?

"அக்காவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாம? நீ கர்சீப்ப மூக்குல வெச்சிகினு உள்ள வந்தத அன்னிக்கே பாத்துட்டா. இன்னாத்துக்குன்னுதான் அப்போ புரியல. மறுநாளு புரிஞ்சிபோச்சி."

"ஏன் எங்கிட்ட கேக்கவே இல்ல?"

"நானும் கேட்டேன். அதுக்கு அவ, பாவம், நான் தனியா கீறேனேன்னு பயந்துட்டான், பொய் சொல்லத் தெரியாம சொல்றான், வுடுன்னுட்டா. நீ பாக்காம ஒரு பையையும் வெளிய வுடக் கூடாதுன்னா. பாரு தம்பி."

அழுது அழுது மூக்கு அடைத்திருந்தது. முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். பதினொன்று சுத்தமாக இருந்தன. அவற்றை வரும் சந்தையில் கதீஜா கொண்டுவருவாள், வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவதில் லேசாக, மிக லேசாக, கரை வாடை இருந்தது.

"இதுல கீது" என்றேன். அன்று சந்தையில் அக்கா கேட்டதற்கு ஆறு வருடம் கழித்துப் பதில் சொன்னேன்.

கதீஜா அதை அண்டாவில் போடக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.