பலூன்காரரின் ஒற்றைக் கணக்கு

பல் தேய்க்கும்போதும் பலூன்காரர் அலாரம் வைத்துக்கொள்வார். அது அடிப்பதற்குள் வாய் கொப்பளித்து முடித்தால் கண்ணாடியைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்பு. தோற்றால் அன்றைக்குக் காபி கசக்கும்.

கல்லூரி நாளில் புரோகிராம் எழுதும் போட்டி என்றால் அவர் புலி. ஒவ்வொரு கணக்குக்கும் சரியான விடை அனுப்பியதும் மேசையில் ஒரு பலூன் கட்டுவார்கள். மேசையே பறந்துவிடுமோ என்று பக்கத்தில் இருந்தவர்கள் பயந்த காலம் உண்டு. பலூன்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அப்போதுதான். அந்தத் தெம்பில் ஆழம் தெரியாமல் கணித ஆராய்ச்சியில் காலை விட்டார்.

வழிகாட்டும் பேராசிரியை நிரூபிக்கச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு கணக்கு. நாலாவது வருஷம் நடக்கிறது. அது முடிந்ததும் ஊத வேண்டும் என்று பழைய போட்டியில் மிஞ்சிய பச்சை பலூன் ஒன்று அவர் சட்டைப் பையிலேயே கிடக்கிறது.

"ஒரு மத்தியானத்துல எட்டு கணக்கு போடுவியேடா, இப்ப என்ன வந்துச்சு?" என்பார், தன் வீட்டில் வைத்துச் சோறு போடும் அக்கா.

"அதுக்கெல்லாம் விடை, கணக்கு குடுத்தவங்ககிட்ட இருந்துச்சுக்கா. இதுக்கு யாருகிட்டயும் இல்ல."

"யாருக்குமே தெரியாததை உன்கிட்ட ஏன்டா கேக்குறாங்க?"

பலூன்காரர் இன்னொரு கரண்டி குழம்பு கேட்பார்.

போட்டியில் தப்பாக அனுப்பினால் கம்ப்யூட்டர் உடனே சொல்லிவிடும். ஒரு வரியை மாற்றி மறுபடி அனுப்பலாம். அந்தப் பழக்கத்தில், நிரூபணத்தைப் பேராசிரியை மேசையில் வைத்துவிட்டு வாசலிலேயே நிற்பார். "நடுவுல இடிக்குதுப்பா" என்றால் சுவரில் தாளை வைத்து ஒரு வரியைத் திருத்திக்கொண்டு அந்த நிமிஷமே உள்ளே நுழைவார்.

"ஏம்பா, நான் மனுஷியா மிஷினா?" என்று அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொள்வார்.

போன மாதம் இடி விழுந்தது. இந்தப் பருவத்துக்குள் கணக்கு முடியாவிட்டால் இடம் காலி என்று ஆய்வுக்குழு சொல்லிவிட்டது. மனுஷன் ஆடிப்போனார், பார்க்கவே பாவமாக இருந்தது. அலாரத்தைத் தூக்கி அலமாரியில் போட்டுப் பூட்டினார். மறுநாள் பல் தேய்க்கப் போனவர் வெளியே வரவே இல்லை. "உள்ளதான் இருக்கியாடா?" என்று அக்கா கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. உள்ளே பிரஷ் வாயில் இருக்க, கண்ணாடியில் பற்பசையால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கிறுக்கல்தான் புது நிரூபணம். இந்த முறை அதைப் பேராசிரியையிடம் கொடுத்துவிட்டு, வாசலில் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். கடிக்க நகம் மிச்சமில்லாத ஒரு நாளில் பேராசிரியை கூப்பிட்டார்.

"திரும்பத் திரும்பப் படிச்சுட்டேன். தப்பு எதுவும் கண்ணுல படல. சரின்னுதான் தோணுது. குழுகிட்ட பேசிட்டேன், உன் இடம் எங்கயும் போகாது."

"தோணுதா மேடம்?"

"ஆராய்ச்சியில அதுக்கு மேல யாரும் சொல்ல மாட்டாங்கப்பா."

பலூன்காரர் பச்சை பலூனை எடுத்து, கன்னம் உப்ப முழுசாக ஊதினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு பாதிக் காற்றை இறக்கிவிட்டு முடிச்சுப் போட்டார்.