ஷேடு ஏற்றப் போனவன்

என் மனைவியை எமன் வாசல்வரை கொண்டுபோனவன் நான்தான். டாக்டர் எழுதிய மாத்திரை அல்ல... நான்!

திருப்பூரில் சாயப்பட்டறை மாஸ்டர் நான். துணியில் நிறம் குறைந்தால் அதே தொட்டியில் இன்னும் கொஞ்சம் சாயம் விடுவோம். டாப்பிங் என்று பெயர். ஷேடு ஏறிவிடும். அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன், பாருங்கள்... அங்கேதான் கெட்டேன்.

வயிற்றிலிருந்த பிள்ளை கலைந்த பிறகு பூங்கொடி சிரிப்பையே மறந்துபோனாள். மனநல டாக்டர் மாத்திரை எழுதினார். "பலன் தெரியச் சில வாரம் ஆகுமுங்க. கூட வேற எது சாப்பிட்டாலும் எங்கிட்டச் சொல்லோணும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

மெல்லத் தேறினாள். ஒருநாள் தலையில் பூவும் வைத்துக்கொண்டாள். எனக்கு அது போதவில்லை! ஏன் போதவில்லை? இன்றும் என்னையே கேட்கிறேன்.

அப்போதுதான், புதுச் செல்போனும் கையுமாக வெளிநாட்டிலிருந்து திரும்பிய முதலாளி ஒரு மாத்திரைப் புட்டியைக் கொடுத்தார். "மனசைத் தெம்பாக்குமாம். மூலிகைதான். அங்கெல்லாம் டாக்டர் சீட்டே இல்லாமக் கடையில விக்கறாங்க."

மூலிகை என்ற சொல்லில் விழுந்தேன். பச்சிலை என்ன செய்துவிடும்?

"ஏனுங்க, இது என்னதுங்க?" என்றாள் பூங்கொடி.

"சத்து மாத்திரை கண்ணு. முழுங்கு."

முழுங்கினாள். நான் கொடுத்தால் எதையும் முழுங்குவாள்.

சில நாட்களில் அவளுக்குக் கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. உடம்பு அனலாய்க் கொதிக்க, கால்கள் தாமாகவே வெட்டி வெட்டி இழுத்தன. என்னையே யாரென்று தெரியாமல் விழித்தாள். ஐயோ... கம்பெனி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"வேற ஏதாச்சும் குடுத்தீங்களா?" மாத்திரை எழுதிய அதே டாக்டர் என் முகத்தையே பார்த்தார்.

"இல்லீங்க."

புட்டி அப்போது என் சட்டைப்பையில் இருந்தது! சொன்ன பேச்சைக் கேட்காத மடையன் என்று எல்லார் முன்னும் ஏசுவாரே என்று பயந்தேன். அவள் உயிரைவிட என் மானம் எனக்குப் பெரிதாய்ப் போயிற்று. வெளியே வந்து, சாயக்கழிவு ஓடும் வாய்க்காலில் புட்டியை எறிந்தேன்.

பிழைத்துக்கொண்டாள். டாக்டரின் மாத்திரைதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவாயிற்று. அதை நிறுத்திவிட்டார்கள். அவளைத் தேற்றியதே அதுதான்; அதோடு என் மூலிகை சேர்ந்ததுதான் விஷமாயிற்று...

வருடங்கள் ஓடிவிட்டன. மறுபடியும் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். பூ வைப்பதில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால் மிரள்கிறாள்.

"அந்த மாத்திரை வேண்டாமுங்க, என்னையக் கொன்னுபோடும். நீங்க குடுத்தீங்களே சத்து மாத்திரை... அது இருந்தாக் குடுங்க."

சொல்லிவிடத்தான் வாயைத் திறக்கிறேன்.

"தீந்துபோச்சு கண்ணு" என்கிறேன்.